பிளாஸ்டிக் ரோட்டில் பிளாஸ்டிக் எங்கே?

“எங்கள் தெருவில் பிளாஸ்டிக் ரோடு போட்டதாகச் சொல்கிறார்கள். குனிந்து தேடினால் ஒரு துண்டுகூடக் கண்ணில் படவில்லையே?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பிளாஸ்டிக் கழிவைச் சேர்த்துப் போடும் தார் ரோடுதான் பிளாஸ்டிக் ரோடு. அதில் துண்டு கண்ணில் பட்டிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஒழுங்காகப் போட்ட ரோட்டில் ஒவ்வொரு ஜல்லிக்கும் பிளாஸ்டிக் தோலாகிவிடும். அதன் மேல் தார் மூடியிருக்கும்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறை இது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு 2013இலேயே இதற்கு வழிகாட்டி வெளியிட்டுவிட்டது.

மழையில் தார் ரோடு ஏன் பெயர்கிறது? ஜல்லிக்குத் தாரைவிடத் தண்ணீர்தான் நெருக்கம். சிலிக்கா மிகுந்த கருங்கல்லின் மேற்பரப்பு நீர் மூலக்கூறுகளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தாரோ எண்ணெய் போல நீரோடு ஒட்டாத ஹைட்ரோகார்பன், சூட்டில் ஊற்றியதால் கல்லில் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். எங்காவது ஊசிமுனை அளவு ஓட்டை கிடைத்தால் போதும், நீர் உள்ளே புகுந்து கல்லின் மேல் பரவித் தாரை மெல்ல உரிக்கும். மேலே லாரி போகும்போது சிக்கிய நீர் அழுத்தப்படும், சக்கரம் நகர்ந்ததும் இழுபடும். நாள் முழுக்க இந்த பம்ப் வேலை நடந்தால் முதலில் ஒரு ஜல்லி கழலும், பிறகு பள்ளம்.

வாசுதேவன் முறையின் அழகு, பிளாஸ்டிக்கை எப்போது சேர்ப்பது என்பதில் இருக்கிறது. பாலித்தீனைத் தாரில் கரைக்கப் பார்த்தால் வம்பு: அதன் அடர்த்தி சுமார் 0.92, தாருடையது 1.02 அளவில். கலக்கிக்கொண்டே இராவிட்டால் பிரிந்து மேலே மிதக்கும். அதனால் தாருக்கு முன்பே, சூடான ஜல்லியின் மேல் தூவுகிறார்கள். உருகிய பாலித்தீன் கல்லின் நுண்துளைகளில் இறங்கி, ஆறும்போது பிடித்துக்கொள்ளும். நீர் புகும் வழிகள் அடைபடும். பின்னால் வரும் தாரும் ஹைட்ரோகார்பன்தான், தோலோடு ஒட்டிக்கொள்ளும். ரவையை முதலில் நெய்யில் வறுப்பது போலத்தான். நெய் பூசிய பிறகு தண்ணீரின் சேட்டை குறைந்துவிடுகிறது.

அளவு இதுதான். 1 டன் கலவையில் தார் சுமார் 50 கிலோ. அதில் 8 சதவீதம், அதாவது 4 கிலோவுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக். 3.75 மீட்டர் அகல ரோடு 1 கிலோமீட்டருக்குச் சுமார் 1 டன் பிளாஸ்டிக் செலவாகும். கழுவிக் காயவைத்து 2 முதல் 4 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 165 டிகிரி செல்சியஸ் அளவில் சூடான ஜல்லியில் தூவினால் அரை நிமிடத்தில் எண்ணெய் தடவியது போல மினுமினுக்கும். பிறகு 160 டிகிரித் தார். கலவையை 110 டிகிரிக்குக் கீழே ஆறவிடாமல் விரித்து ரோலர் ஓட்ட வேண்டும்.

எல்லாப் பிளாஸ்டிக்கும் ஆகாது. கேரி பேக், பால் கவர் பாலித்தீன் 105 முதல் 130 டிகிரிக்குள் உருகிவிடும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக் உருக 250 டிகிரி வேண்டும்; ஜல்லிச் சூட்டில் அது தோலாகாது, துண்டாகவே கிடக்கும். பிவிசி கூடவே கூடாது, சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மண் ஒட்டிய கவரும் கெடுதல்: கல்லுக்கும் தோலுக்கும் நடுவே தூசிப்படலம் இருந்தால் தோலே உரிந்துவிடும்.

சொதப்பல் பெரும்பாலும் ஜல்லியையும் தாரையும் கலக்கும் பிளான்டில்தான். ஆள் வைத்துக் கையால் அள்ளிப் போட்டால் ஒரு லோடில் 2 கிலோ, அடுத்ததில் 7 கிலோ. சுழலும் டிரம்முக்குள்ளேயே ஜல்லியைச் சூடாக்கும் வகை பிளான்டில் பர்னர் பக்கமாகப் போட்டால் கவர் உருகுவதற்குள் எரிந்து புகையாகும். தீயைத் தாண்டிய இடத்தில் தனி வாய் வைத்துச் செலுத்த வேண்டும்.

டயர் உரசி மேல்தாரைத் தேய்க்கும்போது இந்தத் தோலும் தேயும், நுண்பிளாஸ்டிக் மண்ணுக்குப் போகும் என்ற கவலை நியாயமானது. புது ரோடு போட ஒதுக்கும் பணத்தில் ஒரு துளியையாவது, பத்து வருடப் பழைய பிளாஸ்டிக் ரோடுகளின் ஓரத்து மண்ணை அளக்க ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

கேள்வி கேட்ட வாசகருக்கு: ரோட்டிலிருந்து கழன்ற தார் ஜல்லித் துண்டு ஒன்று கிடைத்தால் 40 டிகிரி வெந்நீரில் 24 மணி நேரம் போட்டு வையுங்கள். ஆய்வகத்தில் புதுக் கலவையைச் சோதிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். தார் உரிந்து கல் வெளுத்துத் தெரிந்தால், அந்த ஜல்லிக்குத் தோல் சரியாகப் பிடிக்கவில்லை.