டயாலிசிஸ்: கூழ்மப்பிரிப்பா, இரத்தச் சுத்திகரிப்பா?

மருத்துவமனைப் பலகையில் 'இரத்த சுத்திகரிப்புப் பிரிவு' என்றிருக்கும். வேதியியல் பாடநூலில் அதற்கே 'கூழ்மப்பிரிப்பு' என்று பெயர். நோயாளி வீட்டில் கேட்டால், 'வாரத்துக்கு மூணு தடவை ரத்தம் மாத்துறாங்க' என்பார்கள். மூன்றும் சுட்டுவது, சவ்வு வழியாகக் கழிவுகளைப் பிரிக்கும் டயாலிசிஸைத்தான். இதில் கடைசியாகச் சொன்னது தவறு. முதல் இரண்டிலும் ஆளுக்குப் பாதி உண்மை இருக்கிறது.

சொல் கிரேக்கம். 'டியா' என்றால் ஊடாக, விலகி. 'லூசிஸ்' என்றால் அவிழ்த்தல், தளர்த்தல். இதை வேதியியலுக்குள் கொண்டுவந்தவர் கிளாஸ்கோவில் பிறந்த தாமஸ் கிரஹாம், ஆண்டு 1861. ஒரு வளையத்தில் தாவரக் காகிதத்தோலை இழுத்துக் கட்டி, அதில் அரை லிட்டர் சிறுநீரை ஊற்றித் தண்ணீரின்மேல் 24 மணி நேரம் வைத்தார். பிறகு வெளித் தண்ணீரைச் சுண்டவைத்தபோது வெள்ளை உப்பாகப் படிந்தது. அதிலிருந்து ஆல்கஹால் கொண்டு யூரியாவைப் பிரித்தெடுத்தார். தோலைக் கடக்காமல் தங்கிய பொருள்களுக்கு, பசையைக் குறிக்கும் 'கொல்லா'விலிருந்து 'கொலாய்டு' என்று பெயரிட்டார். அவர் பசையைப் பார்த்தார். தமிழில் கூழைப் பார்த்துக் 'கூழ்மம்' என்றோம். நல்ல ஆக்கம்.

யூரியாவைப் பிரிக்கும் வழி அன்றே கைக்கு வந்தும், அது நோயாளியிடம் வர 60 ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இரத்தம் உறையாமல் இருக்க வழியில்லை. தகுந்த சவ்வும் இல்லை. 1913இல் பால்டிமோரில் ஜான் ஏபலும் துணைவர்களும் இரத்தம் உறிஞ்சும் அட்டையிலிருந்து எடுத்த ஹிருடினைக் கொண்டு உறைதலைத் தடுத்து, விலங்குகளில் செய்து காட்டினார்கள். 1924இல் ஜெர்மனியின் கீசனில் கியோர்க் ஹாஸ் முதன்முதலாக மனிதருக்குச் செய்தார். கால் மணி நேரம்தான். நெதர்லாந்தின் கம்பென் ஊரில், போர்க்காலத்தில், வில்லெம் கோல்ஃப் சாசேஜ் உறையாகப் பயன்பட்ட செல்லோஃபேன் குழாயை உருளையில் சுற்றிக் கருவி செய்தார். 1943இல் தொடங்கிய அவருடைய முதல் நோயாளிகள் ஏறக்குறைய எல்லாரும் இறந்துபோனார்கள். 1945இல்தான் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தெழுந்தார்.

இனித் தமிழுக்கு வருவோம். எலக்ட்ரோலிசிஸ் மின்னாற்பகுப்பு, ஹைட்ரோலிசிஸ் நீராற்பகுப்பு. அந்தக் கணக்கில் டயாலிசிஸ் 'சவ்வாற்பகுப்பு' ஆகியிருக்க வேண்டும். ஆகாததே நல்லது. பகுப்பு என்றால் பொருளே உடைந்து வேறாவது. டயாலிசிஸில் எதுவும் உடைவதில்லை. யூரியா யூரியாவாகவே சவ்வின் அந்தப் பக்கம் போகிறது. ஆகவே 'பிரிப்பு' என்பதே சரி. 'சவ்வூடு பிரிப்பு' என்று சொல்லலாமே என்றால், ஆஸ்மாசிஸுக்கு நாம் வைத்த 'சவ்வூடு பரவல்' பக்கத்திலேயே நின்று குழப்பும்.

கூழ்மப்பிரிப்பு என்பது சிறுநீரகக் கருவிக்கும் அப்படியே பொருந்தும். யூரியாவின் மூலக்கூறு எடை 60, கிரியாட்டினின் 113. கழிவுகளான இவை இரண்டும் சவ்வைக் கடந்துவிடும். 66,000 சொச்சம் எடையுள்ள அல்புமின் என்ற புரதம் கூழ்மமாக இரத்தத்திலேயே நிற்கும். ஆனால் நோயாளி காதில் அந்தச் சொல் விழுந்தால் சாப்பாட்டுக் கூழ்தான் நினைவுக்கு வரும். ஒப்புதல் படிவத்தில் போடத்தக்க சொல் அன்று.

'இரத்தச் சுத்திகரிப்பு' எல்லாருக்கும் புரிகிறது. தனித்தமிழ் விரும்புவோர் 'குருதித் தூய்மிப்பு' என்று எழுதுகிறார்கள். இரண்டுக்கும் ஒரே குறை: அழுக்கை எடுப்பது மட்டுமே வேலை என்று தோன்றவைக்கின்றன. கருவியில் இரத்தம் நிமிடத்துக்கு 200 முதல் 400 மி.லி. வரை ஓடுகிறது. எதிர்த்திசையில் டயாலிசிஸ் திரவம் 500 மி.லி.; நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். அந்தத் திரவத்திலிருந்து பைகார்பனேட் இரத்தத்துக்குள் வருகிறது. பொட்டாசியம் போகிறது. சேர்ந்திருந்த தண்ணீரை அழுத்த வேறுபாடு இழுக்கிறது. கொடுக்கல் வாங்கல் இரண்டும் உண்டு. உடம்புக்கு வெளியே ஒரு நேரத்தில் இருக்கும் இரத்தம் கால் லிட்டருக்குள்தான். போவதும் அதே ஆளின் இரத்தம், வருவதும் அதே. 'மாற்றுவது' எங்கும் இல்லை. அந்த 120 லிட்டர் தண்ணீரைச் சுத்திகரிப்பதில் கோட்டை விட்டால் ஆபத்து. குடிநீரில் கிருமி கொல்லக் கலக்கும் குளோரமின் தங்கினால் சிவப்பணுக்கள் உடைகின்றன. அலுமினியம் தங்கினால் காலப்போக்கில் மூளையையும் எலும்பையும் கெடுக்கிறது.

சுத்தம் என்ற சொல்லுக்குள் அளவு என்ற எண்ணம் இல்லை என்பதே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. துணி வெளுத்ததா இல்லையா என்பதுபோல் கேட்கவைக்கிறது. ஆய்வுகள் கேட்பது எவ்வளவு பிரிந்தது என்று. ஊழியர்கள் 'கேடி பை வி' (Kt/V) என்று சொல்லும் எண் இதற்குத்தான்: யூரியா நீங்கிய இரத்தத்தின் அளவை உடம்பிலுள்ள தண்ணீரின் அளவால் வகுப்பது. 70 கிலோ ஆணின் உடம்பில் தண்ணீர் சுமார் 40 லிட்டர். கருவி நிமிடத்துக்கு 200 மி.லி. இரத்தத்திலிருந்து யூரியாவை முழுதாக நீக்குகிறது என்றால், 240 நிமிடத்தில் 48 லிட்டர். 48ஐ 40ஆல் வகுத்தால் 1.2. வாரம் மூன்று முறை செய்வோருக்கு இதுவே குறைந்தபட்சம். எளிய கணக்கும் உண்டு: யூரியா 140இலிருந்து 49க்கு இறங்கினால் 65 விழுக்காடு குறைந்திருக்கிறது, போதும்.

டயாலிசிஸ் முடிவில் இரண்டாவது இரத்த மாதிரியை எடுக்கும் விதத்தில்தான் ஏமாறுவோம். பம்பை நிமிடத்துக்கு 100 மி.லி.க்குக் குறைத்து, 15 விநாடி விட்டு எடுக்க வேண்டும். ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்த ஃபிஸ்டுலாவில் ஊசிகள் நெருக்கமாகவோ திசை மாறியோ இருந்தால் இப்போதுதான் கருவியிலிருந்து வந்த இரத்தமே மறுபடி உள்ளே போகும். வேகத்தைக் குறைக்காமல் எடுத்தால் அந்த இரத்தமே குழாயில் வந்து, தாளில் எண் அழகாக இருக்கும், ஆளுக்கு வாந்தி நிற்காது.

அளவைக் கூட்டிக்கொண்டே போனால் ஆயுள் கூடுமா? 1,846 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஹீமோ ஆய்வு 2002இல் விடை சொன்னது: கேடி பை வி எண்ணை 1.3 அளவிலிருந்து 1.7க்கு உயர்த்தியும் இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தண்ணீரை அவசரமாக இழுப்பதோ கெடுதல். கிலோவுக்கு மணிக்கு 13 மி.லி.யைத் தாண்டினால் இறப்பு அதிகம் என்று பின்வந்த ஆய்வுகளில் தெரிகிறது. 60 கிலோ ஆளுக்கு நான்கு மணி நேரத்தில் அது 3.1 லிட்டர். தண்ணீர் சேர்ந்து நாலரை கிலோ ஏறி வந்தவரிடம் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் எடுத்தால் காலில் தசைப்பிடிப்பு வரும், இரத்த அழுத்தம் விழும்.

'இரத்த' என்ற முன்னொட்டிலும் சிக்கல் உண்டு. வயிற்றின் உட்சவ்வையே சல்லடையாக்கி, இரண்டு லிட்டர் திரவத்தை ஊற்றி, சில மணி நேரம் கழித்து வடிக்கும் முறையில் இரத்தம் உடம்பை விட்டு வெளியே வருவதே இல்லை. அதை 'வயிற்றுவழி டயாலிசிஸ்' என்று எழுதுவதே தெளிவு. கருவி முறைக்கு 'இரத்தவழி டயாலிசிஸ்' என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஜோடி சேரும். பொதுச்சொல்லாக டயாலிசிஸே இருக்கட்டும். வேதியியலில் கூழ்மப்பிரிப்பு தொடரட்டும்.

அடுத்த படியான 'சிறுநீரக மாற்று' என்ற சொல்லும் இதே போலத்தான். பெரும்பாலும் பழைய சிறுநீரகங்களை எடுப்பதில்லை. மூன்றாவதாக ஒன்றை அடிவயிற்றின் ஓரத்தில், பெரும்பாலும் வலப்பக்கத்தில் வைத்து இணைக்கிறார்கள். கழற்றி மாட்டுவது அன்று என்பதைச் சொல்லிவிட்டால் பாதிப் பயம் போகும். இதன் பலனை அளந்த 1999ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு, சிறுநீரகம் பெற்றோரைப் பொது டயாலிசிஸ் நோயாளிகளோடு ஒப்பிடவில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் ஏறும் அளவுக்கு உடல்நிலை தேறியவர்களையே, இன்னும் காத்திருப்போரையே, எடுத்துக்கொண்டது. அதனால்தான் அந்த எண்களுக்கு மதிப்பு. முதல் இரண்டு வாரத்தில் சிறுநீரகம் பெற்றவரின் இறப்பு அபாயம் 2.8 மடங்கு. 244ஆம் நாளில் இரு தரப்பின் பிழைப்பு வாய்ப்பும் சமம். நீண்ட காலத்தில் பெற்றவரின் அபாயம் 68 விழுக்காடு குறைவு. ஆங்கிலத்தில் 'அவுட்கம்' எனப்படும் இத்தகைய கணக்கைத் தமிழில் 'பின்விளைவு' என்று சிலர் எழுதுகிறார்கள். அது பக்கவிளைவு போல ஒலிக்கிறது. 'பலன்' அல்லது வெறும் 'விளைவு' போதும்.