உரசினால் மணக்கும் தாள்

போன சித்திரையில் ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு கூரியர் வந்தது. யாரும் எதுவும் ஆர்டர் செய்யவில்லை. பிரித்தால், புதிய சென்ட் ஒன்றின் விளம்பர அட்டை. 'உரசி முகர்ந்து பாருங்கள்' என்று ஒரு வட்டம். நகத்தால் சுரண்டினேன். காசிமேட்டுப் பக்கமிருந்து மீன் வாடையோடு காற்று வீசிய அந்த மத்தியானத்தில் மல்லிகை மணந்தது.

மூடி சரியாக மூடாத பாட்டிலிலேயே சென்ட் காய்ந்துபோகும். அந்த வெயிலில் மூட்டைக்குள் கிடந்து வந்த தாளில் எப்படித் தங்கியது?

சென்ட் எண்ணெயைப் பொடித் துளிகளாக்கி, ஒவ்வொரு துளிக்கும் ஓர் ஓடு போட்டு, அந்த ஓடுகளை மையில் கலந்து அச்சடித்திருக்கிறார்கள். மைக்ரோகேப்ஸ்யூல் என்பார்கள். ஓர் ஓடு சில மைக்ரான் முதல் சில பத்து மைக்ரான் வரை இருக்கும். ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நகம் பட்ட இடத்தில் இருப்பவை உடையும், மற்றவை அப்படியே இருக்கும். அதனால்தான் ஒரே இடத்தைச் சுரண்டிச் சுரண்டி மணம் தீர்ந்த பிறகும், சற்றுத் தள்ளி நகத்தை வைத்தால் மறுபடி மணக்கிறது.

ஓடு போடுகிற விதம்தான் அழகு. ஆட்டுக்கால் பாயா மீந்தால் ஃபிரிட்ஜில் வைப்போம்; காலையில் அல்வா மாதிரி உறைந்திருக்கும். எலும்பிலும் தோலிலும் இருந்து வரும் ஜெலட்டின் செய்கிற வேலை அது. வெதுவெதுப்பான ஜெலட்டின் நீரில் சென்ட் எண்ணெயை ஊற்றிக் கலக்கினால் துளிகளாகப் பிரியும். அதில் அகேசியா மரப் பிசினைச் சேர்க்கிறார்கள். நம் கருவேலம் பிசினுக்கு உறவு. கொஞ்சம் அமிலம் விட்டதும் ஜெலட்டின் நேர் மின்னூட்டம் பெறும். பிசினிடம் இருப்பது எதிர் மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, எண்ணெய்த் துளிகளைச் சுற்றிப் படிந்துவிடும். சூடு ஆறினால் பாயா போலவே உறையும். அப்புறம் ஓட்டைக் கெட்டிப்படுத்த வேறொரு ரசாயனம்.

இது மணத்துக்காகப் பிறந்த உத்தி அல்ல. அமெரிக்காவின் டேட்டன் நகரில், கடைக் கல்லாப்பெட்டி எந்திரம் செய்த நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனத்தில் பேரட் கிரீன் என்பவர், கார்பன் தாள் இல்லாமல் நகல் எடுக்க இதை உருவாக்கினார். 1954ல் அந்தத் தாள் விற்பனைக்கு வந்தது. மேல்தாளின் முதுகில் நிறமற்ற சாயம் அடைத்த ஓடுகள். பேனா அழுத்தினால் உடைந்து, அடித்தாளில் பூசிய அமிலக் களிமண்ணைத் தொட்டதும் நீலமாகும். வந்த கவரைத் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒட்டியிருந்த ரோஸ் நிற ரசீதில் என் விலாசம் நீலத்தில் பதிந்திருந்தது. மேலே ஒன்று, உள்ளே ஒன்று; இரண்டும் ஒரே கண்டுபிடிப்பு!

இன்று துணி கண்டிஷனர்களிலும் இவை உண்டு. காய்ந்த சட்டையைத் தேய்த்தால் திடீரென மணப்பது அதனால்தான். ஆனால் அங்கே பெரும்பாலும் ஜெலட்டினுக்குப் பதில் மெலமைன் போன்ற மக்காத பிளாஸ்டிக் ஓடு. உடையாதவை துவைத்த தண்ணீரோடு போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் இதற்கு விதி கொண்டுவந்தது. 2029 அக்டோபருக்குப் பிறகு வாசனைப் பொருளை மக்காத ஓட்டில் அடைத்து அங்கே விற்க முடியாது. எங்கள் தெருவில் துவைக்கிற தண்ணீரும் கடைசியில் கடலுக்குத்தான் போகிறது. இங்கேயும் அந்த விதி வர வேண்டும்.