கூடங்குளம் உலை ‘கிரிட்டிக்கல்’ ஆனால் ஏன் கொண்டாடுகிறார்கள்?

திசையன்விளை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2013 ஜூலையில் கூடங்குளத்தின் முதல் உலை ‘கிரிட்டிக்கல்’ ஆகிவிட்டது என்று டிவியில் ஓடியதும் அவருடைய ஆச்சி, “அய்யய்யோ, அப்ப இனி தேறாதாடே?” என்றாராம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த வார்த்தையைக் கேட்டுப் பழகியவர் வேறென்ன நினைப்பார்? ஆஸ்பத்திரியில் அதைச் சொன்னால் வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குப் போன் போகும். அணுமின் நிலையத்தில் சொன்னால் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொள்கிறார்கள். இது என்ன கூத்து என்பதுதான் கேள்வி.

இருப்பதில் மூத்தது ஆஸ்பத்திரிப் பொருள்தான். கடுங்காய்ச்சல் ஒரு கட்டத்தில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திரும்பும் என்பதைப் பழைய கிரேக்க வைத்தியர்கள் கவனித்து, அந்தத் திருப்பத்துக்கு வைத்த பெயரிலிருந்துதான் ‘கிரிட்டிக்கல்’ வந்தது. 7ஆம் நாள், 14ஆம் நாள் என்று எண்ணிக்கொண்டு காத்திருப்பார்கள். பின்னால் வந்த காலென் என்ற வைத்தியர் இந்தக் கணக்கைச் சந்திரனோடு முடிச்சுப் போட, சோசியர்கள் விடுவார்களா? பிடித்துக்கொண்டார்கள். நம்மூரில் ஜாதகக் கட்டத்தைப் பார்த்து “அம்பத்தாறுல ஒரு கண்டம் இருக்கு” என்பதும் ஏறக்குறைய அதே சரக்குதான். கிரேக்கர்களாவது நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொன்னார்கள்.

இயற்பியல்காரர்கள் நோயை விட்டுவிட்டுத் திருப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நம் பாடப்புத்தகங்களில் அது ‘மாறுநிலை’. தண்ணீருக்குள்ளிருந்து மேலே வரும் ஒளி, செங்குத்திலிருந்து சுமார் 48.6 டிகிரிக்கு மேல் சாய்ந்துவிட்டால் வெளியே வராமல் உள்ளேயே திரும்பிவிடும். அது மாறுநிலைக் கோணம். கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரிக்கு மேல் எவ்வளவுதான் அழுத்தினாலும் திரவமாகாது. பெல்ஃபாஸ்டில் பேராசிரியராக இருந்த தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869இல் இதை விளக்கினார். 31 டிகிரியெல்லாம் சித்திரை மாதத் திருநெல்வேலிக்கு ஒரு வெயிலா? அந்த மாதத்து மத்தியானத்தில் கடைச்சுவரில் தொங்கும் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பு சிலிண்டருக்குள் திரவம் என்று தனியாக ஒன்றும் இருக்காது. திரவமும் இல்லாமல் வாயுவும் இல்லாமல் அடர்த்தியான ஒன்று அடைபட்டுக் கிடக்கும்.

தண்ணீருக்கு அந்த வெப்பநிலை 374 டிகிரி. அதற்கும் மேலே சூடாக்கி, கொதித்தல் என்ற கட்டமே இல்லாமல் நீரை நீராவியாக்கும் அனல்மின் நிலையங்களுக்கு ‘சூப்பர் கிரிட்டிக்கல்’ என்று பெயர். உடன்குடியில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட திட்டம் அந்த வகைதான். 1986 வரை உடன்குடியும் திருநெல்வேலி மாவட்டமே. ஆக, ஒரே கடற்கரையில் இரண்டு மின் நிலையங்கள், இரண்டுக்கும் ஒரே வார்த்தை, ஆனால் ஒன்றின் பொருளுக்கும் மற்றதன் பொருளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கூடங்குளத்து உலையில் சுற்றிவரும் தண்ணீர் சுமார் 320 டிகிரியைத் தாண்டுவதில்லை. உடன்குடிக் கணக்குப்படி பார்த்தால் அது ‘கிரிட்டிக்கல்’ ஆகவே ஆகாது.

கூடங்குளத்தின் கணக்கு நியூட்ரான் கணக்கு. யுரேனியம்-235 அணுக்கரு ஒன்று பிளந்தால் இரண்டு மூன்று நியூட்ரான்கள் தெறிக்கும். சிலதை எரிபொருள் அல்லாதவை விழுங்கிவிடும், சிலது வெளியே போய்விடும். மிஞ்சுவதில் சராசரியாகச் சரியாக ஒன்று அடுத்த அணுக்கருவைப் பிளந்தால் வரவும் செலவும் சமம். தொடர்வினை கூடாமல் குறையாமல் தானாக ஓடும். அந்தச் சமநிலைக்குத்தான் கிரிட்டிக்கல் என்று பெயர். முதல் உலையில் 163 எரிபொருள் தொகுதிகளை அடுக்கி, நியூட்ரானை விழுங்கும் போரிக் அமிலம் கலந்த தண்ணீரில் நல்ல தண்ணீரைச் சேர்த்து மெல்ல மெல்ல நீர்க்கச் செய்து, ஜூலை 13 இரவு 11 மணி 5 நிமிடத்துக்கு அந்த இடத்தை எட்டினார்கள். அப்போது உண்டான வெப்பம் சொற்பம். மின்சாரம் கம்பியில் ஏறியது அக்டோபர் 22ஆம் தேதிதான். இன்னொன்று: 1000 மெகாவாட்டில் முழு மூச்சாக ஓடும்போதும் உலை அதே கிரிட்டிக்கல்தான், ஒரு துளி கூடுதல் இல்லை.

சரி, ஒரு துளி கூடினால்? ஆயிரம் நியூட்ரான் அடுத்த தலைமுறையில் 1001 ஆகிறது என்று வையுங்கள். ஒரு நியூட்ரான் பிறந்து, தண்ணீரில் மோதி வேகம் தணிந்து, அடுத்த அணுவில் போய்ச் சேர ஆகும் நேரம் ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. ஒரே விநாடியில் பத்தாயிரம் தலைமுறை! 1.001ஐப் பத்தாயிரம் முறை பெருக்கினால் கிட்டத்தட்ட 22,000 வருகிறது. கண் சிமிட்டி முடிப்பதற்குள் எல்லாம் கைமீறியிருக்கும். நியூட்ரானை விழுங்கும் கட்டுப்பாட்டுக் கழியை எந்த மோட்டாராலும் அந்த வேகத்தில் இறக்க முடியாது. இது மட்டுமே உண்மையாக இருந்திருந்தால் உலகத்தில் அணுமின் நிலையம் என்று ஒன்று இருந்திருக்காது.

காப்பாற்றுவது, 1939இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சின்ன விஷயம். எனக்கு அணு இயற்பியலில் மிகப் பிடித்தது இதுதான். பிளவில் வரும் நியூட்ரான்களில் நூற்றுக்கு 0.65 பங்கு மட்டும் உடனே வருவதில்லை. பிளவில் உண்டாகும் துண்டுகளில் ஒன்றான புரோமின்-87ஐப் பாருங்கள். அதற்குள் 35 புரோட்டான், 52 நியூட்ரான். அரை ஆயுட்காலம் சுமார் 55 விநாடி. அதுவரை சும்மா கிடந்துவிட்டு, ஒரு பீட்டாத் துகளை வெளிவிட்டு கிரிப்டான்-87 ஆகிறது. ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறிவிட்டதால் இப்போது உள்ளே 51 நியூட்ரான். அணுக்கருவுக்கு 50 என்பது நிறைவான எண். அந்த 51ஆவது ஆள் அங்கே ஒட்டாமல் இருக்கிறது. கருவில் கொதிப்பு போதுமான அளவு இருந்தால் அதைத் தள்ளிவிட்டு, 50உடன் கிரிப்டான்-86 ஆகிவிடும். எல்லா அணுவும் இப்படிச் செய்வதில்லை, சிறு பங்குதான். ஆனால் அப்படி வெளியேறும் நியூட்ரான், தன்னைப் பெற்ற பிளவு நடந்து ஒரு நிமிடம்போல ஆனபின் வருகிறது. இதைப்போலத் தாமதமாக நியூட்ரான் விடும் துண்டுகள் இன்னும் பல உண்டு.

வெறும் 0.65 பங்கு எதற்கு ஆகும் என்று தோன்றும். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுத்தாலும் தேர் விறைத்து நிற்கும். பின்சக்கரத்தில் தடி போடுகிற சிலர் நெம்பிக் கொடுத்தால்தான் அசையும். அவர்கள் நெம்பும் வேகம்தான் தேரின் வேகம். உலையையும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். உடனடி நியூட்ரான்களை மட்டும் எண்ணினால் வரவு செலவைவிடக் கொஞ்சம் குறைவு. அந்தக் குறையை நிரப்புவது தாமத நியூட்ரான்கள். அதனால் மொத்த உலையும் அவற்றின் நிதானத்துக்குக் கட்டுப்படுகிறது. மேலே சொன்ன 1001 கணக்கில், ஒரு விநாடியில் 22,000 மடங்காக வேண்டியது, இரட்டிப்பாகவே ஏறக்குறைய அரை நிமிடம் எடுத்துக்கொள்கிறது. மனிதர் பார்த்து, யோசித்து, பொத்தானை அழுத்த அது தாராளம்.

அந்த 0.65 பங்கு இடைவெளியை ஒரு உலை தாண்டிவிட்டால் தாமத நியூட்ரான்களுக்குக் காத்திருக்க அதற்குத் தேவையில்லை. 1961இல் அமெரிக்காவின் இடாஹோவில் ஒரு சிறிய ராணுவ உலையில் ஒரு கட்டுப்பாட்டுக் கழியைக் கையால் அளவுக்கு மேல் உயர்த்தியபோது அதுதான் நடந்தது; மூன்று பேர் இறந்தார்கள். 1986 ஏப்ரல் 26இல் செர்னோபிலிலும் அந்த எல்லை தாண்டப்பட்டது. ஆச்சி பயப்பட வேண்டிய கிரிட்டிக்கல் இது. ஆகவே அவர் பயந்ததே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். இடிந்தகரைப் போராட்டப் பந்தலில் உட்கார்ந்து கேள்வி கேட்டவர்களுக்கும் இந்தக் கணக்கை இப்படியே, தமிழில், எண்ணோடு சொல்லியிருக்கலாம். ஒத்துக்கொள்வதும் கொள்ளாததும் அவர்கள் பாடு. உலைக்கு ஆயிரம் ஆயிரம் கோடி ஒதுக்கும் நாட்டில், அது ஓடும் விதத்தை ஊர் மொழியில் எழுத ஒரு ஓரத்தொகை ஒதுக்க மனம் வருவதில்லை.

வாசகர் கடைசியில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: பொத்தானை அழுத்தியதும் உலை அணைந்துவிடுமா? கழிகள் எல்லாம் சில விநாடியில் உள்ளே விழும். தொடர்வினையும் உடனே சரிந்துவிடும். ஆனால் முன்பே உண்டான புரோமின்-87 உள்ளே இருக்கிறதே, அது யார் பொத்தானுக்கும் கட்டுப்படாது. முதல் சரிவுக்குப் பிறகு நியூட்ரான் அளவு பாதியாக 55 விநாடி, அதில் பாதியாக மறுபடி 55 விநாடி என்றுதான் இறங்கும். உலையைக் கட்டியது ரஷ்யாவோ அமெரிக்காவோ, யுரேனியம் எரியும் எல்லா உலையிலும் புரோமின்-87க்கு இதே 55 விநாடிதான்.