ஒளியியலும் ஒளியணுவியலும்: ஒரு கழகத்தின் பெயரில் இரண்டு சொற்கள்

ஒளியை ஆராயும் அறிவியலாளர்களும் ஒளிக்கருவிகளை உருவாக்கும் பொறியாளர்களும் உறுப்பினராக உள்ள பெரிய அமைப்புகளில் ஒன்று எஸ்.பி.ஐ.இ. 'ஆப்டிக்ஸ், ஃபோட்டானிக்ஸ் ஆகியவற்றுக்கான பன்னாட்டுக் கழகம்' என்று அது தன்னைச் சொல்லிக்கொள்கிறது. இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் 'ஒளியியல் கழகம்' என்று எழுதிவிட்டுக் கை நின்றுவிடும். ஆப்டிக்ஸ் என்றால் ஒளியியல், சரி. ஃபோட்டானிக்ஸ்? அதுவும் ஒளியைப் பற்றியதுதானே, ஒரே சொல்லில் இரண்டும் அடங்கிவிடாதா என்று தோன்றும். அடங்காது. இரண்டும் வேறு வேறு வேரிலிருந்து, வேறு வேறு காலத்தில் வந்த சொற்கள்.

முதலில் ஆப்டிக்ஸ். இது கிரேக்கச் சொல். 'ஆப்டிகோஸ்' என்றால் பார்வை சார்ந்தது. அதன் வேர் கண்ணையும் காண்பதையும் குறிக்கும். ஒளி என்ற பொருள் அதில் இல்லை. கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் எழுதிய நூலுக்கு 'ஆப்டிகா' என்று பெயர். அது கண் எப்படிப் பார்க்கிறது என்பதன் வடிவியல். கண்ணிலிருந்து கதிர்கள் கிளம்பிப் பொருளைத் தொடுவதால்தான் பொருள் தெரிகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். ஆகவே அந்தச் சொல்லை வேரோடு பெயர்த்துத் தமிழில் நட்டிருந்தால் 'காட்சியியல்' என்றோ 'பார்வையியல்' என்றோ வந்திருக்கும். தமிழில் கலைச்சொல் ஆக்கியவர்கள் கண்ணை விட்டுவிட்டு ஒளியைப் பிடித்தார்கள். என் கணிப்பில் அது மிக நல்ல தேர்வு. ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

ஆனால் அந்தத் தேர்வால் ஒரு கண்ணியும் உண்டு. ஆங்கிலத்தில் 'ஆப்டிகல்' என்று வரும் இடமெல்லாம் 'ஒளி' என்று போட்டுவிட முடியாது. கண்ணையும் மூளையையும் இணைக்கும் நரம்பு பார்வை நரம்பு. அதை ஒளி நரம்பு என்றால் பொருள் கெட்டுவிடும். 'ஆப்டிகல் இல்யூஷன்' காட்சிப் பிழை. அங்கே ஏமாறுவது கண். ஒளி எந்தப் பிழையும் செய்வதில்லை. 'ஆப்டிகல் ஃபைபர்' மட்டும் ஒளியிழை, ஏனென்றால் அதில் ஓடுவது ஒளி. மொழிபெயர்ப்பவர் ஒவ்வோர் இடத்திலும் நின்று, இங்கே பேசப்படுவது கண்ணா ஒளியா என்று பார்த்தாக வேண்டும்.

இன்னொன்று, எழுத்துப் பிழை. ஒளியியலில் உள்ள ளகரத்தை லகரமாக்கினால் அது ஒலியியல், வேறு துறை. ஒலி அலைகளைக் கொண்டு ஒளியைத் திருப்பும் கருவிகளும் உண்டு. அவற்றைப் பற்றி எழுதும்போது 'ஒலி-ஒளியியல்' என்றே எழுத வேண்டியிருக்கும். அங்கே இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கக்கூட முடியாது.

ஃபோட்டானிக்ஸுக்கு வருவோம். 'ஃபோஸ்', 'ஃபோட்டோஸ்' என்பவை கிரேக்கத்தில் நேரடியாக ஒளியைக் குறிப்பவை. ஒளிச்சேர்க்கை, ஒளிமின் விளைவு, ஒளிநகல் என்று தமிழில் இந்த வேருக்கு 'ஒளி' இயல்பாகப் பொருந்தியிருக்கிறது. இதிலிருந்து 'ஃபோட்டான்' பிறந்த கதை சுவையானது. ஒளி சிறுசிறு பொட்டலங்களாக வருகிறது என்று ஐன்ஸ்டைன் 1905-இல் சொன்னபோது அந்தப் பொட்டலத்துக்கு இந்தப் பெயர் இல்லை. ஒளிக் குவாண்டம் என்பதே வழக்கு. 1916-இல் லியோனார்ட் ட்ரோலண்ட் என்ற உளவியலாளர் 'ஃபோட்டான்' என்ற சொல்லை வேறொன்றுக்கு வைத்தார்: கண்ணின் விழித்திரையில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகுக்கு. அந்த அலகை இப்போது அவர் பெயராலேயே ட்ரோலண்ட் என்கிறார்கள். பிறகு 1926-இல் கில்பர்ட் லூயிஸ் என்ற வேதியியலாளர் 'நேச்சர்' இதழுக்கு எழுதிய கடிதத்தில் ஃபோட்டான் என்ற பெயரை முன்வைத்தார். ஃபோட்டான்களை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்பது அவர் கருத்து. அந்தக் கருத்து நிற்கவில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது, ஐன்ஸ்டைனின் பொட்டலத்துக்கு ஒட்டிக்கொண்டது.

1960-இல் தியடோர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். அப்புறம் ஒளியைக் கையாளும் விதமே மாறியது. வில்லையிலும் ஆடியிலும் வளைத்துப் பார்த்த ஒளியை, மின்னோட்டத்தைப் போல உண்டாக்கவும் கடத்தவும் இயக்கி நிறுத்தவும் செய்தி ஏற்றி அனுப்பவும் வழி பிறந்தது. இந்தப் புதிய வேலைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் எக்ரேன் 1967-இல் 'ஃபோட்டானிக்ஸ்' என்றார். எலக்ட்ரானை ஆள்வது எலக்ட்ரானிக்ஸ். ஃபோட்டானை ஆள்வது ஃபோட்டானிக்ஸ். சொல்லின் அச்சு அதுதான். தமிழில் இதற்கு நிகரான சொல்லைத் தேடும்போதும் அந்த அச்சை விடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வழக்கில் உள்ள சொற்களைப் பார்ப்போம். ஒளித்துகளியல், ஒளியனியல், ஒளியணுவியல் என்று மூன்று உண்டு. ஒளித்துகள் என்றதும் சன்னல் வழியே வரும் வெயிலில் மிதக்கும் தூசுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அதோடு ஃபோட்டான் வெறும் துகளும் அல்ல. அலையின் இயல்பும் அதற்கு உண்டு. ஒளியன் என்பது குறுகிய, அழகான சொல். ஃபோட்டானின் 'ஆன்' ஒலியையும் 'அன்' தொட்டு நிற்கிறது. ஆனால் தனியே நின்றால் ஓர் ஆளின் பெயர் போலக் கேட்கிறது. மூன்றாவதான ஒளியணுவியல்தான் எனக்கு உகந்தது. எலக்ட்ரானிக்ஸை மின்னணுவியல் என்று நாம் ஏற்கெனவே பழகிவிட்டோம். மின்னணு, மின்னணுவியல், ஒளியணு, ஒளியணுவியல். எக்ரேன் வைத்த இணை அப்படியே தமிழிலும் வந்துவிடுகிறது. புதிதாகக் கேட்பவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ஃபோட்டான் ஓர் அணு அல்லவே என்ற மறுப்பு வரும். நியாயமான மறுப்புதான். ஆனால் தமிழில் அணு என்பது வேதியியல் பாடத்துக்கு வெகுகாலம் முன்பிருந்தே மிகமிகச் சிறியது என்ற பொருளில் வழங்கிய சொல். 'அணுவளவும் சந்தேகமில்லை' என்று இன்றைக்கும் பேசுகிறோம். அங்கே யாரும் ஹைட்ரஜனை நினைப்பதில்லை. எலக்ட்ரானும்தான் அணு அல்ல, மின்னணு என்ற சொல் அதனால் வீழ்ந்துவிடவில்லை. அப்படியும் 'அணு' வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. இலங்கை வழக்கில் எலக்ட்ரான் இலத்திரன், எலக்ட்ரானிக்ஸ் இலத்திரனியல் என்பதால், ஒலிபெயர்த்த சொல்லுடன் 'இயல்' சேர்க்கும் வழியும் தமிழுக்குப் புதிதில்லை.

புணர்ச்சியிலும் சிக்கல் இல்லை. ஒளி என்பதோடு இயல் சேர யகரம் வந்து ஒளியியல் ஆகிறது. அணு என்பதோடு சேர வகரம் வந்து அணுவியல் ஆகிறது. ஒளியணுச் சில்லு, சிலிக்கான் ஒளியணுவியல் என்று கிளைச் சொற்களும் தடையின்றி வருகின்றன.

ஆப்டிக்ஸுக்குக் கண்ணை விட்டு ஒளியைப் பிடித்தது ஏன் நல்ல தேர்வு என்று முன்பு சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லலாம். நெடுந்தூர ஒளியிழையில் செய்தியைச் சுமந்து ஓடும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 1550 நானோமீட்டர். நம் கண் காண்பது ஏறக்குறைய 380-லிருந்து 750 வரைதான். நுண்சில்லுகளில் மிக நுணுக்கமான கோடுகளைப் பதிக்கப் பயன்படும் ஒளியோ 13.5 நானோமீட்டர்; அதையும் கண் காணாது. கண்ணை வேராகக் கொண்ட சொல் இங்கே தடுமாறுகிறது. நம் சொல் கண்ணைச் சார்ந்து நிற்கவில்லை. 'ஒளி' வினையாக வந்தால் மறைந்துகொள் என்றும் பொருள்படும் என்பதை எண்ணும்போது, காணாத ஒளிக்கும் இச்சொல் பொருந்துவது எனக்கு இன்னும் மகிழ்ச்சி தருகிறது.

கழகங்களின் பெயர்களும் இதே பாதையில்தான் மாறியிருக்கின்றன. எஸ்.பி.ஐ.இ. 1955-இல் கலிபோர்னியாவில் ஒளிப்படக் கருவிப் பொறியாளர்களின் கழகமாகத் தொடங்கியது. அந்த எழுத்துகளின் விரிவே அதுதான். பின்னர் அது 'ஒளிப்பட' என்பதை விட்டுவிட்டு ஒளியியல் கருவிகளுக்கு விரிந்தது. இப்போது எஸ்.பி.ஐ.இ. என்ற எழுத்துகள் மட்டுமே பெயர்; ஆகவே தமிழிலும் அவற்றை விரித்து எழுதக் கூடாது. 1916-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆப்டிகல் சொசைட்டி 2021-இல் ஆப்டிகா என்று பெயர் மாற்றிக்கொண்டது. யூக்ளிடின் நூற்பெயரேதான். மின், மின்னணுப் பொறியாளர்களின் ஐ.இ.இ.இ. அமைப்பைச் சேர்ந்த லேசர், மின்-ஒளியியல் கழகம் 2009-இல் ஃபோட்டானிக்ஸ் கழகம் ஆனது.

சொசைட்டிக்குக் கழகமா, சங்கமா? சங்கம் என்றால் தொழிற்சங்கம் நினைவுக்கு வரலாம். கழகத்துக்கு அந்தத் தொல்லை குறைவு, பல்கலைக்கழகத்தின் துணையும் உண்டு. திருக்குறளில் சூதாடும் இடமாக வரும் அந்தச் சொல், கம்பராமாயணத்தில் கலை பயிலும் இடமாக வருகிறது. பின்னதன் வழியில்தான் நாம் வந்திருக்கிறோம். ஆகவே முதல் குறிப்பில் 'ஒளியியல், ஒளியணுவியல் பன்னாட்டுக் கழகமான எஸ்.பி.ஐ.இ.' என்று எழுதலாம், அடுத்தடுத்து எஸ்.பி.ஐ.இ. என்றாலே போதும்.