சின்ன கம்ப்யூட்டருக்கு மலிவு மதர்போர்டு: சாக்கெட் பக்கத்து மூலையைப் பாருங்கள்

ஒரு சாணுக்கு ஒரு சாண் இருக்கிற போர்டு, மலிவாகத்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு சிங்கப்பூரின் கம்ப்யூட்டர் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேருக்குப் போகிறவர்கள் விலைப்பட்டியலைப் பார்த்ததும் குழம்பிப்போகிறார்கள். சிப்செட் (போர்டின் துணைச் சில்லு) ஒன்றுதான், சிபியு உட்காரும் சாக்கெட் ஒன்றுதான், மாட்டப்போகிற சிபியுவும் ஒன்றுதான். ஆனால் 170 மில்லிமீட்டர் சதுரமான மினி ஐடிஎக்ஸ் போர்டின் விலை, 244 மில்லிமீட்டர் சதுரமான மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டை விடப் பெரும்பாலும் அதிகம். பரப்பைக் கணக்குப் போட்டால் சின்னது பெரியதில் பாதிகூட இல்லை. "பாதி போர்டுக்கு ஏன் அண்ணே கூடக் காசு?" என்று கேட்கிற தம்பிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போர்டு சுருங்கினாலும் சிபியு சுருங்குவதில்லை. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் 1,718 தொடுமுனைகள், இன்டெலின் எல்ஜிஏ 1700இல் பெயரிலேயே இருக்கிறபடி 1,700. அவற்றில் நிறைய மின்சாரத்துக்கும் கிரவுண்டுக்கும் போய்விடும், மீதி உள்ளவை ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, யூஎஸ்பி என்று நாலா பக்கமும் செப்புக் கோடுகளாகப் பிரிந்து ஓட வேண்டும், அதுவும் ஒன்றுக்கொன்று குறுக்கிடாமல், ரேமுக்குப் போகிற கோடுகள் ஏறக்குறைய ஒரே நீளத்தில். பெரிய போர்டில் பக்கவாட்டில் பரப்பிக்கொள்ளலாம். சின்ன போர்டில் இடமில்லாததால் மேலே கீழே அடுக்குகிறார்கள். மலிவான பெரிய போர்டு 4 செப்பு அடுக்குகளோடு முடிந்துவிடும், மினி ஐடிஎக்ஸுக்கு 6, 8, சிலவற்றில் அதற்கும் மேல். அடுக்கு கூடக் கூடத் தயாரிப்புச் செலவு ஏறும்.

ஆகவே ஒரே விலைக்கு ஒரு மினி ஐடிஎக்ஸ் போர்டும் ஒரு மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டும் கிடைத்தால், சின்னதில் வேறு எங்கேயோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கே கைவைத்தார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் மலிவு போர்டு வாங்குவதில் முக்கால்வாசி வேலை. அனேகமாக அது சாக்கெட்டுக்கும் பின்பக்க யூஎஸ்பி துளைகளுக்கும் நடுவில் இருக்கிற மூலை. சிபியுவுக்கு மின்சாரத்தை இறக்கிக் கொடுக்கிற பகுதி அது, விஆர்எம் என்பார்கள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், பவர் சப்ளை கொடுப்பது 12 வோல்ட், சிபியு கேட்பது ஒரு வோல்ட்டை ஒட்டி. ரைசன் 5 7600ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 65 வாட் என்று இருக்கும், முழு வேகத்தில் ஓடும்போது 88 வாட் வரை இழுக்க அதற்கு அனுமதி உண்டு. அந்த 88 வாட்டும் 1.1 வோல்ட்டில் போவதாக வைத்துக்கொண்டால் 80 ஆம்பியர். நம் வீட்டுச் சுவர் பிளக்கில் இருக்கிற ஃபியூஸ் 13 ஆம்பியர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள், இங்கே ஒரு விரல் நக அளவு சிலிக்கானுக்குள் 80 போகிறது. இதைப் பவர் சப்ளையிலிருந்தே கம்பி வழியாக 1.1 வோல்ட்டாகக் கொண்டுவந்தால் என்ன என்று கேட்கலாம். கம்பியிலும் கனெக்டரிலும் சேர்த்து வெறும் 5 மில்லிஓம் தடை இருந்தாலே 80 ஆம்பியரில் 0.4 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும், சிபியு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அதே 88 வாட்டை 12 வோல்ட்டில் அனுப்பினால் 7 ஆம்பியரும் சொச்சமும்தான், இழப்பு 0.04 வோல்ட். அதனால்தான் 12 வோல்ட்டாகவே கொண்டுவந்து, சாக்கெட்டுக்கு ஒட்டி, கடைசிச் சில சென்டிமீட்டரில் இறக்குகிறார்கள்.

இறக்குவது எப்படி? இரண்டு மாஸ்ஃபெட் சுவிட்சுகள், ஒரு சுருள், சில கெபாசிட்டர்கள். மேல் சுவிட்ச் தண்ணீர்க் குழாய்போலத் திறந்தால் 12 வோல்ட் சுருளுக்குள் பாயும், மூடியதும் கீழ் சுவிட்ச் திறந்து சுருளில் ஏறிய மின்னோட்டம் தொடர்ந்து ஓட வழிவிடும். இது நொடிக்குச் சில லட்சம் தடவை நடக்கிறது. மொத்த நேரத்தில் ஏறக்குறைய 10 சதவீதம் மட்டும் மேல் சுவிட்ச் திறந்திருந்தால், வெளியே சராசரியாக 12 வோல்ட்டில் 10 சதவீதம், அதாவது 1.2 வோல்ட். காலால் மிதிக்கிற தையல் மெஷினில் மிதி விட்டு விட்டுத்தான் விழுகிறது, ஆனால் பெரிய சக்கரம் ஒரே சீராகச் சுற்றி ஊசியை ஓட்டுகிறதல்லவா, சுருள் செய்வதும் அந்த வேலைதான். மிச்சமிருக்கிற ஏற்ற இறக்கத்தைக் கெபாசிட்டர்கள் தட்டையாக்குகின்றன. சிபியு சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று முழு வேகத்துக்குத் தாவும்போது, சுருள் சுதாரிப்பதற்குள் கையிருப்பைக் கொடுத்துத் தாங்குவதும் கெபாசிட்டர்கள்தான்.

80 ஆம்பியரையும் ஒரே சுருள், ஒரே ஜோடி சுவிட்ச் வழியாக அனுப்பினால் அவை வெந்துவிடும். பல தொகுதிகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும், ஒரு சுருளும் அதன் சுவிட்ச் ஜோடியும் சேர்ந்தது ஒரு பேஸ். இதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. மின்தடையால் வரும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 4 பேஸ் இருந்தால் ஒன்றுக்கு 20 ஆம்பியர், 8 இருந்தால் ஒன்றுக்கு 10. மின்னோட்டம் பாதியானால் ஒவ்வொன்றிலும் சூடு கால்வாசி, எண்ணிக்கை இரட்டிப்பாவதால் மொத்தத்தில் பாதி. அது மட்டுமில்லை, அந்தப் பாதிச் சூடு இரண்டு மடங்கு இடத்தில் பரவியிருக்கும், சூட்டை வாங்கி வெளியேற்றுகிற ஹீட்சிங்குக்கும் வேலை சுலபம். ஆனால் சாண் அகல போர்டில் எட்டு பேஸுக்கு இடம் கண்டுபிடிப்பதற்கும் காசு வேண்டும், அதனால் மலிவான மினி ஐடிஎக்ஸில் இந்த எண்ணிக்கைதான் முதலில் குறையும்.

கடையில் போர்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். சாக்கெட்டின் இடப்பக்கமும் மேல்பக்கமும் வரிசையாகச் சாம்பல் நிறக் கட்டைகள் நிற்கும், தலையில் ஆர்22, ஆர்30 என்பது போல எழுதியிருக்கும். அவைதான் சுருள்கள், ஆர் என்ற எழுத்து தசமப்புள்ளிக்குப் பதில், ஆர்22 என்றால் 0.22 மைக்ரோஹென்றி. அந்தக் கட்டைகளை எண்ணுங்கள். பெட்டியில் 8+2+1 என்று போட்டிருந்தால் முதல் எண் சிபியு கோர்களுக்கு, மற்றவை சிபியுவின் இதர பகுதிகளுக்கு. அந்த 8 சில போர்டுகளில் சுவிட்சுகளை இயக்கும் நான்கு சிக்னல்களை இரண்டிரண்டாகப் பகிர்ந்துகொண்டது. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், மின்னோட்டம் பிரிவதால் சூடு குறைகிற பலன் அப்படியே கிடைக்கிறது, வோல்ட்டேஜின் ஏற்ற இறக்கம் அவ்வளவாகக் குறையாது, அவ்வளவுதான். எண்ணிக்கையோடு ஒவ்வொரு பவர் ஸ்டேஜும் (ஒரு பேஸின் சுவிட்ச் ஜோடி) எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று தயாரிப்பாளர் வெளிப்படையாகப் போட்டிருந்தால் நல்ல அறிகுறி. கட்டைகளுக்குப் பக்கத்தில் ஹீட்சிங்கே இல்லாமல் கறுப்பு சில்லுகள் மொட்டையாகத் தெரிந்தால், அந்த போர்டில் 65 வாட் வகை சிபியுவுக்கு மேல் எதையும் போடாதீர்கள்.

65 வாட் என்ற அந்த எண்ணையும் கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டும். கோர் ஐ5 12400க்கு அடிப்படை 65 வாட், உச்சம் 117. ஐ5 13400க்கும் 65தான், ஆனால் உச்சம் 148. போர்டு தாங்க வேண்டியது உச்சத்தைத்தான். மினி ஐடிஎக்ஸ் அளவை 2001இல் வியா நிறுவனம் கொண்டுவந்தபோது மனதில் வைத்தது சில வாட்டில் ஓடும் சின்ன சிபியுக்களை, அதே சதுரத்தில் இன்று நாம் அதைப்போலப் பல மடங்கு ஏற்றுகிறோம்.

இப்போது சிங்கப்பூருக்கு வருகிறேன். விஆர்எம் 90 சதவீதத் திறனோடு வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிபியுவுக்கு 88 வாட் போகும்போது ஏறக்குறைய 10 வாட் அந்த மூலையிலேயே சூடாக மாறும். அந்தச் சூடு எவ்வளவு டிகிரி ஏறும் என்பது அறையின் வெப்பத்தின் மேல் கூட்டிச் சொல்வது. வெளிநாட்டு விமர்சனங்களில் விஆர்எம் 75 டிகிரி என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது 20, 22 டிகிரி அறையில், மேஜைமேல் திறந்து வைத்து அளந்தது. நம் ஊரில் பகல் உச்சம் சராசரியாக 31, 32. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் காமன் ரூமில் ஏர்கான் ராத்திரி தூங்கும்போது மட்டும், மாலை வெயில் நேராக ஜன்னலில் அடிக்கிற பக்கமாக இருந்தால் அறை இன்னும் சூடு. ஆக அவர்கள் சொன்ன 75 நமக்கு எடுத்தவுடனே 85, அப்புறம் சின்ன கேஸுக்குள் அடைத்தால் அதற்கு மேலும் ஏறும்.

10 டிகிரிதானே என்று விட முடியாது. போர்டில் இருக்கிற பாலிமர் கெபாசிட்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் பயன்படுத்தும் கணக்கு, வெப்பம் 20 டிகிரி குறைந்தால் ஆயுள் 10 மடங்கு. 105 டிகிரியில் 5,000 மணி நேரம் என்று குறித்த கெபாசிட்டர் 85இல் 50,000 மணி நேரம் ஓடும், 75இல் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். அந்த 10 டிகிரி ஆயுளை மூன்றில் ஒன்றாக்கிவிடுகிறது. சூடு இன்னும் ஏறி எல்லையைத் தொட்டால் விஆர்எம் கன்ட்ரோலர் சிபியுவுக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பும், சிபியு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் ஆடும்போது முதல் பத்து இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் திக்குகிறது, சிபியு வெப்பம் சரியாகத்தான் காட்டுகிறது என்று புலம்புகிறவர்கள் இந்த மூலையையும் ஒருமுறை சந்தேகப்பட வேண்டும்.

இதனால் கூலர் தேர்வும் போர்டு தேர்வோடு ஒட்டியது. சின்ன கேஸில் மேலிருந்து கீழே ஊதுகிற தட்டையான கூலர் சிபியுவோடு சேர்த்துச் சுற்றியுள்ள மாஸ்ஃபெட், ரேம், எஸ்எஸ்டி எல்லாவற்றின் மேலும் காற்றை இறக்கும். வாட்டர் கூலர் போட்டால் சிபியு குளிர்ந்துவிடும், ஆனால் விஆர்எம் மேல் பெரும்பாலும் நேரடிக் காற்று இருக்காது. மலிவு போர்டுக்கு என் ஓட்டு தட்டைக் கூலருக்குத்தான்.

என்னைக் கேட்டால், கேஸில் இடம் இருக்கிறவர்கள் மைக்ரோ ஏடிஎக்ஸையே வாங்குங்கள். மேஜைக்கடியில் வைக்கக்கூடிய, அளவாக இருக்கிற கேஸ்கள் அதற்கும் நிறைய வருகின்றன, மிச்சமாகிற வெள்ளியை ரேமில் போடலாம். மினி ஐடிஎக்ஸ்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் சிபியுவை அடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிப்செட் விஷயத்தில் அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். ஏஎம்5இல் ஏ620 போதும், சிபியுவை ஓவர்கிளாக் செய்ய (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட) முடியாது, அது சின்னப் பெட்டியில் தேவையும் இல்லை, ரேம் வேகத்தை ஏற்ற முடியும். பல ஏ620 போர்டுகள் 65 வாட் சிபியுக்களை வைத்தே வடிவமைத்தவை, அதை மீறாதீர்கள். இன்டெல் பக்கம் எச்610இல் ரேம் வேகத்தை ஏற்ற முடியாது, பி760இல் முடியும்.

ரேமுக்கு மட்டும் சின்ன போர்டில் ஒரு நல்ல சங்கதி இருக்கிறது. இரண்டே ஸ்லாட், இரண்டும் சாக்கெட்டை ஒட்டியே, கோடுகள் குட்டை, நான்கு ஸ்லாட் போர்டில் காலியாகத் தொங்கும் கோடுகள் சிக்னலைக் கெடுக்கிற தொல்லையும் இல்லை. அதனால் வேகமான ரேம் சிரமமில்லாமல் ஓடும். கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ரைசன் 5 8600ஜி போன்ற சிபியுவை நம்பியிருக்கிறவர்கள் கட்டாயம் இரண்டு ஸ்லாட்டையும் நிரப்புங்கள். டிடிஆர்5 5600 ரேம் ஒன்று நொடிக்கு 44.8 கிகாபைட் கொடுக்கும், இரண்டு சேர்ந்தால் 89.6. உள்ளே இருக்கிற கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, இந்த வழியில்தான் அதற்கும் சாப்பாடு. அப்புறம் வாங்குவதற்கு முன்னால் ஃபேன் கனெக்டர் எத்தனை, வைஃபை சேர்த்தா, எஸ்எஸ்டி மாட்டுகிற இரண்டாவது எம்.2 ஸ்லாட் போர்டின் அடிப்பக்கம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அடிப்பக்கம் இருந்தால் அங்கே காற்று போகாது, வேகமான எஸ்எஸ்டியை மேலே போடுங்கள்.

வாங்கும் இடத்தில் இரண்டு வேலை. தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் உங்கள் சிபியுவுக்கு எந்த பயாஸ் (போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) பதிப்பிலிருந்து ஆதரவு என்று பார்த்து, கடையில் இருக்கிற போர்டில் அந்தப் பதிப்போ அதற்குப் பிந்தையதோ இருக்கிறதா என்று கேளுங்கள். சிபியு இல்லாமலே யூஎஸ்பி வழியாக பயாஸ் ஏற்றுகிற பட்டன் இருந்தால் கவலை இல்லை. இன்னொன்று, கரோசெல் செயலியில் பழைய போர்டு வாங்குகிறவர்களுக்கு ரொம்ப முக்கியம்: ஏஎம்5, எல்ஜிஏ 1700 இரண்டிலும் ஊசிகள் சிபியுவில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன. பிளாஸ்டிக் மூடியைக் கழற்றச் சொல்லி, போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, போர்டை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஊசிகள் எல்லாம் வரிசை வரிசையாக ஒரே மாதிரி மின்ன வேண்டும், ஒரே ஓர் ஊசி வேறு பக்கம் பார்த்து மின்னினாலும் அது வளைந்தது, அந்த போர்டை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.