வாக்காளருக்கு எதற்கு விசுவாசம்?

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏரிப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் இரண்டு கல்லூரிப் பையன்கள். ஒருவன் போனில் வெளிநாட்டுச் செய்தி ஒன்றின் தலைப்பைச் சத்தமாகப் படித்தான்: "தற்போதைய அதிபருக்கு இளம் வாக்காளர்களின் விசுவாசம் தொடருமா?" படித்துவிட்டு நண்பனைக் கேட்டான்: "ஏன் மச்சி, ஓட்டுப் போட்டா விசுவாசமா வேற இருக்கணுமா?"

அந்தத் தலைப்பை மொழிபெயர்த்தவர் தன்னைத்தானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. வாக்காளரையும் விசுவாசத்தையும் இப்படி ஒரே கயிற்றில் கட்டுவதை இந்த மாதத்தில் நான் பார்ப்பது நாலாவது தடவை. இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

மூலத்தில் இருப்பது 'லாயல்' என்ற ஆங்கிலச் சொல். லத்தீனில் சட்டத்தைக் குறிக்கும் 'லெக்ஸ்' என்பதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. 'லீகல்' அதன் உடன்பிறப்பு. அரசனுக்குக் கட்டுப்பட்டவன் என்று தொடங்கி, இன்று ஒரே கடையில் சாமான் வாங்குபவர் வரைக்கும் அந்தச் சொல் நீர்த்துவிட்டது. விசுவாசமோ வடசொல். மூச்சு விடுவதைக் குறிக்கும் 'ச்வஸ்' என்ற வேரிலிருந்து பிறந்து, நம்பிக்கை என்று பொருள்பட்டது. கிறித்தவர்கள் இன்றும் அந்தப் பொருளில்தான் ஆள்கிறார்கள். ஏற்காட்டுத் தேவாலயங்களில் ஞாயிறு காலை ஒலிக்கும் 'விசுவாசம்' அங்கே பொருந்தி நிற்கிறது. அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

வழக்கு, தேவாலயத்துக்கு வெளியே அந்தச் சொல் எடுத்திருக்கும் பொருளோடு. ஊரில் விசுவாசம் யாருக்கு உண்டு? நாய்க்கு உண்டு. உப்பிட்டவரிடம் வேலை பார்ப்பவருக்கு உண்டு. 1820களில் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து, தலைமுறை தலைமுறையாக இங்கே எஸ்டேட் வாழ்க்கைதான். அப்படி ஒரு எஸ்டேட்டில் பழம் பறித்து வயதான பாட்டி ஒருவர் என்னிடம் சொன்னது: "எங்க தாத்தா தொரைக்கு ரொம்ப விசுவாசம் தம்பி. தொரை குதிரையில வந்தா, மழை கொட்டுனாலும் கொடைய மடக்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் நிப்பாரு." சொல்லும்போதே வெறுங்கையைக் கக்கத்தில் இடுக்கிக் காட்டினார். எந்த அகராதியும் விசுவாசத்துக்கு இவ்வளவு துல்லியமாகப் பொருள் சொன்னதில்லை. மேலே ஒருவர், கீழே ஒருவர். கீழே இருப்பவர் நனைய வேண்டும்.

இந்த உறவைத் தூக்கி வாக்காளர் தலையில் வைத்தால் அது தலைகீழ். மக்களாட்சியில் குடையை மடக்க வேண்டியவர் அதிபர்.

இன்னொன்றும் உண்டு. ஒரு சொல்லை அழைத்தால் அதன் எதிர்ச்சொல்லும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். விசுவாசத்துக்கு எதிர் துரோகம். வெள்ளைக்காரன் காலத்தில் 'ராஜ விசுவாசம்' ஒரு தகுதி, 'ராஜத் துரோகம்' ஒரு குற்றம், 1908இல் வ.உ.சி.க்குத் தண்டனை கொடுத்தது அந்தக் குற்றத்தின் பேரில்தான். ஆக, "இளைஞர்களின் விசுவாசம் தொடருமா" என்று எழுதினால், கட்சி மாற்றிப் போடும் இளைஞரைத் துரோகி என்று எழுதாமல் எழுதியதாகிறது. 1989இல் வாக்குரிமை வயது 21லிருந்து 18 ஆனபோது, அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் முதன்முதலாக ஓட்டுப் போட்ட கூட்டத்தில் நானும் ஒருவன். அன்று குத்திய சின்னத்துக்கே எல்லாத் தடவையும் குத்தியதில்லை. எவருக்கும் துரோகம் செய்ததாக ஒருநாளும் நினைத்ததுமில்லை.

நடப்பையும் பாருங்கள். 2008இல் ஒபாமாவுக்கு 30 வயதுக்கு உட்பட்டவர்களில் 66 சதவீதம் பேர் வாக்களித்ததாக, வாக்குச்சாவடியை விட்டு வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பு சொன்னது. 2012இல் அவர் பதவியில் இருந்துகொண்டே போட்டியிட்டபோது அது 60 ஆனது. இந்த ஆறு பேர் விசுவாசம் கெட்டவர்களா? முதலில், அவர்கள் அதே ஆட்களே அல்ல. 2008இல் 27 வயதானவர் 2012இல் அந்தக் கணக்கிலேயே இல்லை. 2008இல் பள்ளிக்கூடம் போன பிள்ளை உள்ளே வந்திருக்கிறது. 'இளம் வாக்காளர்' என்பது நாலு வருஷத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஆள் மாறிவிடும் கூட்டம். போன தடவை ஓட்டே போடாத பிள்ளையிடம் எந்த விசுவாசம் 'தொடரும்'?

இலங்கையில் 2019 நவம்பரில் கோட்டாபய வென்றதும் இளைஞர்கள் தூரிகையோடு தெருவுக்கு வந்து சுவர்களில் படம் வரைந்து கொண்டாடினார்கள். 2022இல் காலிமுகத்திடலில் கூடாரம் அடித்து அவரைப் போகச் சொன்னவர்களிலும் பெரும் பங்கு இளைஞர்கள். ஜூலையில் அவர் நாட்டை விட்டே போனார். நடுவில் எரிபொருள் இல்லை, எரிவாயு இல்லை, மின்சாரம் இல்லை. இதை 'விசுவாசம் குறைந்தது' என்று எழுத எந்தத் தமிழனுக்கும் கை வராது.

வடசொல் என்பதற்காக நான் இதைத் தள்ளவில்லை. அப்படித் தள்ளினால் பாதித் தமிழ் போய்விடும். தனித்தமிழ் அன்பர்கள் தரும் 'பற்றுறுதி'யும் இங்கே உதவாது. வடிவம் தமிழ்தான், ஆனால் தேர்தல் நாளில் அந்தச் சொல்லை யார் வாயில் கேட்டிருக்கிறோம்? சேலம் ஐந்து ரோட்டில் தட்டுவடை செட் தின்றுகொண்டு அரசியல் பேசுகிறவர், "இந்தத் தடவையும் பசங்க அவருக்கே குத்துவாங்களா?" என்பார். வினைச்சொல்லே போதும். பெயர்ச்சொல் கட்டாயம் வேண்டுமென்றால் 'ஆதரவு' இருக்கிறது. நெடுநாள் ஒட்டுதலுக்குக் 'கட்சிப் பிடிப்பு' இருக்கிறது. பிடிப்பு தளரலாம், இறுகலாம். தளர்ந்தால் யாரும் துரோகி ஆவதில்லை.

நம்பிக்கையைத்தான் சொல்ல வேண்டும் என்றாலும் குறள் 509 வழி காட்டுகிறது: "தேறற்க யாரையும் தேராது". ஆராய்ந்து தேர்ந்தெடுக்காமல் யாரையும் நம்பாதே. இந்தத் 'தேர்'தான் நம் 'தேர்தல்'. முதலில் தேர்வு, பிறகு நம்பிக்கை. தேர்தல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் விசுவாசத்தைக் கொண்டுவந்து வைக்கும்போது இந்த வரிசை குலைகிறது.

அந்தத் தலைப்பின் மற்றச் சொற்கள் சிறு விஷயம். 'தற்போதைய' என்று பெயர்த்திருக்கும் ஆங்கிலச் சொல்லான 'இன்கம்பென்ட்' முன்பு தேவாலயப் பதவியில் இருந்தவரைக் குறித்தது. 'பதவியில் இருக்கும் அதிபர்' என்றால் முடிந்தது. 'நடப்பு அதிபர்' என்கிறார்கள். நடப்பு என்பது நிதியாண்டோடு நிற்கட்டும். இலங்கை வாசகருக்கு எழுதும்போது 'ஜனாதிபதி' என்று போடுங்கள், அங்கே அதிபர் என்றால் பள்ளித் தலைமையாசிரியர்.

1916இல் இதே சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் கலைச்சொற்களுக்கென்றே ஒரு சங்கம் நடத்தினார்கள். சொல்லை உட்கார்ந்து பேசி முடிவு செய்த ஊர் இது. இன்று ஆங்கிலச் செய்தி வருகிறது, அகராதியில் முதலில் கிடைத்த சொல் ஏறுகிறது, பத்து நிமிடத்தில் எல்லோர் போனுக்கும் போய்விடுகிறது. வாய்விட்டு ஒரு தடவை படித்துப் பார்த்திருந்தால்கூட அந்தப் பையன் கேட்ட கேள்வி அவர்களுக்கும் வந்திருக்கும்.

கரை வேட்டி கட்டி, தலைவர் படத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் தொண்டர் தன்னை விசுவாசி என்று சொல்லிக்கொண்டால் நான் திருத்த மாட்டேன். அது அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். செய்தி எழுதுகிறவர்கள் வாக்காளருக்கு வேண்டியதை எழுதட்டும்: "இளைஞர்கள் இந்த முறையும் இந்த அதிபரையே ஆதரிப்பார்களா?"