படம் விற்ற டொலரில் 30 வீதமா, 10 வீதமா: வன்னியில் இருந்து விற்பவர்களுக்கு ஒரு வரி விளக்கம்

வட்டுவாகல் பாலத்தடியில் விடியப்புறம் நின்று எடுத்த படம் அது. நந்திக்கடலில் இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் வீச்சுவலையை விரிக்கிறார், வலை இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. ஸ்டொக் படங்கள், அதாவது விளம்பரத்துக்கோ செய்திக்கோ யாரும் காசு கொடுத்து எடுத்துப் பாவிக்கும் படங்கள், விற்கும் ஓர் இணையத்தளத்தில் அதை ஏற்றிவிட்டேன். நான்கு மாதம் கழித்து அமெரிக்காவில் யாரோ வாங்கினார்கள். கணக்கில் என் பங்கு 2 டொலர் என்று இருந்தது. அதற்குக் கீழே, பிடித்த வரி 60 சதம். எனக்கு மிஞ்சியது 1 டொலர் 40 சதம்.

60 சதம்தானே என்று விட்டுவிட்டேன். ஒன்றரை வருடம் அப்படியே போனது. பிறகு ஒருநாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால், ஒரு நல்ல ட்ரைபொட் வாங்கும் காசு வரியாகப் போயிருந்தது. பதிவு செய்தபோது வரி இலக்கம் கேட்ட பெட்டியை வெறுமையாக விட்டதுதான் காரணம். அந்தப் பெட்டியை நிரப்பியிருந்தால் 60 சதத்துக்குப் பதிலாக 20 சதம்தான் பிடித்திருப்பார்கள்.

ஷட்டர்ஸ்டொக், அடோபி ஸ்டொக் போன்றவை அமெரிக்க நிறுவனங்கள். அமெரிக்காவில் உள்ளவர் உங்கள் படத்தை வாங்கினால், அதில் உங்களுக்கு வரும் பங்கு, அதாவது ரோயல்டி, அமெரிக்காவில் உழைத்த வருமானமாகக் கணக்கெடுக்கப்படும். வெளிநாட்டவருக்கு அதில் 30 வீதம் பிடிக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். ஆனால் இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. 1985 இல் கைச்சாத்தாகி 2004 இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இலங்கையில் வசிப்பவரின் ரோயல்டியில் 10 வீதத்துக்கு மேல் பிடிக்க முடியாது. இது யாரும் தரும் சலுகை இல்லை, உங்களுக்குள்ள உரிமை. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

கேட்கும் படிவத்தின் பெயர் டபிள்யூ-8பென் (W-8BEN). தளத்திலேயே, வரி விபரம் என்ற பகுதியில் இருக்கும். அதில் நாடு இலங்கை என்றும், உடன்படிக்கையின் 12 ஆம் உறுப்புரை, ரோயல்டி, 10 வீதம் என்றும் வர வேண்டும். பெரும்பாலான தளங்கள் நாட்டைத் தெரிவு செய்ததும் மிச்சத்தைத் தாமே போட்டுவிடும். ஒன்றை மட்டும் அவை போடாது. உங்கள் வரி செலுத்துநர் அடையாள இலக்கம், நாங்கள் ரின் (TIN) என்று சொல்வது. அமெரிக்க வரி இலக்கம் தேவையில்லை, இலங்கை இலக்கம் போதும். இரண்டுமே இல்லையென்றால் உடன்படிக்கை உங்களுக்குப் பொருந்தாது, பழையபடி 30 வீதம்தான்.

இந்த இடத்தில்தான் எங்கள் பிள்ளைகள் பின்னடிக்கிறார்கள். போன மாதமும் புதுக்குடியிருப்பில் ஒரு தம்பி கேட்டான், "அண்ணை, ரின் எடுத்தா வரி கட்டோணுமெல்லே?" இல்லை. இலக்கம் எடுப்பது வேறு, வரி கட்டும் அளவுக்கு வருமானம் இருப்பது வேறு. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை. தேசிய அடையாள அட்டையின் இரு பக்கமும் தெளிவாக வேண்டும். படம் எடுப்பவர்கள் நாங்கள், அதையாவது நிழல் விழாமல் எடுத்து அனுப்புவோம்.

பெயரிலும் முகவரியிலும்தான் உண்மையான சிக்கல் வரும். வெளிநாட்டுத் தளம் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று கேட்கும். எங்களுக்குத் தகப்பன் பெயர் முன்னே, சொந்தப் பெயர் பின்னே. வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மட்டும் இருக்கும், அடையாள அட்டையில் முழுப்பெயர் இருக்கும், தளத்தில் முகநூலில் பாவிக்கும் செல்லப்பெயர் இருக்கும். மூன்றும் மூன்று விதமாகக் கிடந்தால் காசு வரும் நேரத்தில் கணக்கை நிறுத்தி வைத்துவிடுவார்கள். அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரை ஆங்கிலத்தில் ஒரே விதமாக, எழுத்து மாறாமல் எல்லா இடத்திலும் போடுங்கள்.

முகவரியும் அப்படித்தான். இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் எடுத்த அடையாள அட்டையில் வவுனியா முகவரி, இப்போது இருப்பது ஒட்டுசுட்டானில் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். டபிள்யூ-8பென் படிவத்தில் நிரந்தர வதிவிட முகவரிதான் வர வேண்டும், தபால் பெட்டி இலக்கம் செல்லாது. முதலில் கிராம அலுவலரிடம் வதிவிடச் சான்று எடுத்து, வங்கியிலும் ரின் பதிவிலும் இப்போதைய முகவரியைச் சரி செய்துவிட்டுத் தளத்துக்குப் போங்கள். இரண்டு நாள் அலைச்சல்தான், ஆனால் பிறகு ஒருவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது காசு வரும் வழி. இலங்கையில் திறக்கும் பேபால் கணக்கால் பல ஆண்டுகளாகக் காசு அனுப்பத்தான் முடிந்தது, வாங்க முடியவில்லை. அதனால் பலரும் கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் பேபால் கணக்கைக் கொடுத்துவிடுவார்கள், சித்தப்பா அதை உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்மாறிக் கைக்கு வரும் வழியில், அனுப்பிவிடுவார். அன்போடு செய்கிற உதவிதான், ஆனால் அது உங்களுக்கு நட்டம். படிவம் உங்கள் பெயரில், கணக்கு அவர் பெயரில் என்றால் தளம் கேள்வி கேட்கும். அதைவிடப் பெரிய நட்டம், வங்கி வழியாக வராத டொலருக்கு எங்கள் நாட்டு வரிச் சட்டத்தில் உள்ள சலுகை கிடைக்காது. வெளிநாட்டுக் காசை வாங்கித் தரும் பேயோனியர் போன்ற ஓர் இணையச் சேவையில் உங்கள் பெயரில் கணக்குத் திறந்து, அதிலிருந்து நேரே உங்கள் வங்கிக்கு எடுங்கள். டொலராகவே வைத்திருக்க விருப்பமென்றால் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றை வங்கியில் திறக்கலாம்.

அந்தச் சலுகையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 2025 மார்ச் 31 வரை, வெளிநாட்டில் இருந்து வெளிநாட்டு நாணயத்தில் உழைத்து வங்கி வழியாக நாட்டுக்குள் கொண்டுவந்த வருமானத்துக்கு வரி விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த விலக்கு இல்லை. அதற்குப் பதிலாக ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வருமானத்துக்கு வரி 15 வீதத்துக்கு மேல் போகாது. அதே நாளில் இருந்து ஒவ்வொருவருக்கும் உள்ள வருடாந்தத் தனிநபர் நிவாரணம், அதாவது வரி கணக்கிடமுன் வருமானத்தில் கழித்துவிடும் தொகை, 12 இலட்சத்தில் இருந்து 18 இலட்சமாகக் கூடியது. வருட வருமானம் எல்லாம் கூட்டி 18 இலட்சம் ரூபாய்க்குள் என்றால் வரி இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் கலியாணவீடு, சாமத்தியவீடு என்று ஊரில் ஓடித்திரிந்து செலவு போக வருடத்துக்கு 15 இலட்சம் உழைக்கிறார், ஸ்டொக் படங்களில் 6 இலட்சம் வருகிறது. மொத்தம் 21 இலட்சம். 18 இலட்சத்தைக் கழித்தால் 3 இலட்சம். வரிக்குரிய வருமானத்தில் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம்தான், ஆகவே வருட வரி 18,000 ரூபாய். அமெரிக்காவில் ஏற்கெனவே பிடித்த வரியையும், அந்த வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரும் வரியின் அளவுக்குள், இதிலிருந்து கழிக்கக் கேட்கலாம். அதற்கு அத்தாட்சி வேண்டும். 1042-எஸ் என்ற படிவத்தை நிறுவனம் ஒவ்வொரு வருடமும் மார்ச் நடுப்பகுதிக்குள் தரும். அதை அழிக்காமல் வைத்திருங்கள்.

முழு வருமானமும் வெளிநாட்டுப் படக் காசாக 30 இலட்சம் வருகிறது என்றால்? நிவாரணம் போக 12 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 60,000 ரூபாய், மிச்சம் 2 இலட்சத்துக்கு 15 வீதம் 30,000 ரூபாய். மொத்தம் 90,000. அதே காசு உண்டியலில் வந்திருந்தால் மேலே போகப்போக 18, 24, 30, கடைசியில் 36 வீதம் என்று ஏறும். கமரா, லென்ஸ், இணையச் செலவு, படம் எடுக்கப் போய்வந்த எரிபொருள் எல்லாம் தொழிற் செலவுதான், ஆனால் பில் இல்லாத செலவை ஒருவரும் ஏற்க மாட்டார்கள். கமரா போன்ற பெரிய சாமானின் விலையை ஒரே வருடத்தில் முழுதாகக் கழிக்க முடியாது, பல வருடங்களுக்குப் பிரித்துத்தான் கழிப்பார்கள்.

வரி வருடம் ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடியும். வருட வருமானத்தைக் காட்டும் விபரத்திரட்டு அதைத் தொடர்ந்து வரும் நவம்பர் 30 க்குள் போக வேண்டும். வரி கட்ட வேண்டியவர்கள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என நான்கு தவணையில் கட்ட வேண்டும். சொந்தப் பெயரில் இல்லாமல் ஸ்டூடியோப் பெயரில் தொழில் செய்பவர்கள் பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிய வேண்டும்.

படத்தின் உரிமை பற்றியும் தவறான கதைகள் உலாவுகின்றன. பதிவு செய்தால்தான் உரிமை என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படம் உருவான கணமே அதற்குப் பதிப்புரிமை உண்டு. பதிவு தேவையில்லை. எடுத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். உரிமையை இன்னொருவருக்கு மாற்றுவதென்றால் எழுத்தில், இரு பக்கமும் கையொப்பமிட்டு இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. ஆனால் ஒரு ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு வேலை செய்தபடி எடுத்த படத்தின் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கு. அந்தப் படங்களை உங்கள் கணக்கில் ஏற்றாதீர்கள்.

முகம் தெரியும் படத்தை விளம்பரப் பாவனைக்கு விற்க அந்த ஆளின் கையொப்பமிட்ட சம்மதப் படிவம் வேண்டும், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றவரோ பாதுகாவலரோ கையொப்பமிட வேண்டும். முத்தையன்கட்டுப் பக்கம் நெல் தூற்றிக்கொண்டு நின்ற ஒரு அம்மம்மாவிடம் ஒருமுறை படிவத்தோடு போனேன். திண்ணையில் இருந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். "இது எங்கையெல்லாம் வரும் மோனே?" என்றார். எங்கேயும் வரலாம், என்ன விளம்பரத்தில் வரும் என்று எனக்கும் தெரியவராது, காசும் சில டொலர்தான் என்றேன். கொஞ்சநேரம் சுளகைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேண்டாம் என்றார். சுளகும் கையும் மட்டும் தெரியும் படங்களை எடுத்தேன், அதற்குச் சம்மதித்தார். நாங்கள் எடுக்கும் முகங்கள் நிறைய இழந்த முகங்கள். அவர்களுக்கு விளங்காமல் கைநாட்டு வாங்குவது எந்தச் சட்டம் விட்டாலும் பிழை. செய்திப் பாவனைக்கு மட்டும் என்று விற்கும்போது தளங்கள் இந்தப் படிவத்தைக் கேட்காது, அப்போதும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

படைமுகாமோ காவலரணோ சட்டகத்துக்குள் வரவே கூடாது. தடைசெய்யப்பட்ட இடங்களைப் படம் எடுப்பது 1955 ஆம் ஆண்டின் உத்தியோகபூர்வ இரகசியங்கள் சட்டத்தின்படி குற்றம். ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் பதிவும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் எடுக்காமல் பறக்கவிடாதீர்கள். சுண்டிக்குளமும் மடு வீதியும் 2015 இல் தேசியப் பூங்காக்கள் ஆகிவிட்டன, உள்ளே போக வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேட்க வேண்டும்.

படிவம் நிரப்பியவர்களும் ஒரு திகதியைக் குறித்து வையுங்கள். டபிள்யூ-8பென், கையொப்பமிட்ட வருடத்துக்குப் பிறகு வரும் மூன்றாவது வருடத்தின் டிசம்பர் 31 வரைதான் செல்லும். 2025 இல் போட்டவருக்கு 2028 முடிய காலாவதி. தளம் மின்னஞ்சல் அனுப்பும், அது பெரும்பாலும் விளம்பர அஞ்சல்களுக்குள் போய்க் கிடக்கும். புதுப்பிக்காவிட்டால் மறுபடி 30 வீதம் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.